மேசைத்தாள்

சாப்பாட்டைப் படமெடுத்து அட்டையில் ஒட்டி
ஆறு மொழியில் கையைப் பிடித்திழுக்கும் தெருவிலிருந்து
தப்பித்துப் படகேறினேன்.
இருபது நிமிடம்.
தேஜோவை ஆறு என்று சொன்னால்
கண் நம்ப மறுக்கிறது.
அக்கரையில், பரேய்ரோவில்,
என்னோடு இறங்கியவர்கள் யாரும்
எதையும் நின்று பார்க்கவில்லை.
அது போதும், சரியான இடந்தான்.

பழைய ரயில் பட்டறைக்குப் பின்னால் ஒரு கடை.
பெயர்ப்பலகை கிடையாது. கதவில் 41 என்று மட்டும்.
உள்ளே ஒன்பது மேசை,
முப்பது பேர் பேசும் சத்தத்தில்
யாருக்கும் வேண்டாத தொலைக்காட்சி.
கரும்பலகையில் ஐந்து பதார்த்தம் எழுதியிருந்தது.
நான் நாற்காலியை இழுத்து உட்காருவதற்குள்
நான்கின் மேல் ஈரத்துணி ஓடிவிட்டது.
மிச்சம் கணவாய், வெள்ளை மொச்சையோடு.
"ஒன்றுதான்" என்று விரலைக் காட்டினார் அல்பானு,
துணியை இன்னும் கீழே வைக்காமல்.
தலையாட்டினேன்.
பலகை துடைத்து வைத்தாற்போல் ஆனது.

மேசைக்கு விரிப்பாக ஒரு வெள்ளைத்தாள்,
காற்றுக்குப் பறக்காமல் நான்கு மூலையிலும் கிளிப்.
அதன் மேல் தட்டு வந்து இறங்கும்போது
அவர் உள்ளே வந்தார்.
பலகையைப் பார்த்தார்.
என் தட்டைப் பார்த்தார்.
என்னைப் பார்க்கவில்லை.
வேறு நாற்காலி இல்லாததால்
எனக்கெதிரே உட்கார்ந்தார்.

அடுக்களைச் சன்னலில் தலையை நீட்டி
தியொலிந்தா ஏதோ கத்தினாள்,
"எவரிஷ்து" என்று தொடங்கி.
ஒன்பது மேசையும் சிரித்தது.
அந்தச் சிரிப்பில் என் பங்கு எவ்வளவு என்று
மொழி தெரியாதவனுக்கு யார் பிரித்துக் கொடுப்பார்?

பாதியை அவர் பக்கம் தள்ளலாமா என்று யோசித்தேன்.
யோசித்து முடிப்பதற்குள்
மூன்று கரண்டி உள்ளே போயிருந்தது.
பொய் சொல்வானேன், அபாரம்.
மசி கலந்த குழம்பு, எக்கச்சக்கமாய்ப் பூண்டு,
பல்லுக்குச் சண்டை போடாத கணவாய்.

அவருக்கு இரண்டு முட்டைப் பொரியலும்
காலைச் சோற்றின் மீதியும் வந்தது.
ஒரு வாய் தின்றார்.
என் கூடையிலிருந்து ரொட்டியைப் பிய்த்து
என் குழம்பில் தோய்த்தார்.
கேட்கவில்லை.
இரண்டாம் முறை தோய்த்த பிறகுதான்
என் முகத்தைப் பார்த்தார்,
கணக்கு நேரானவரைப் போல.
நான் ஒயின் குடுவையையும் அவர் பக்கம் நகர்த்தினேன்.

என்ன வேலை என்று கையால் கேட்டேன்.
அல்பானுவின் காதிலிருந்த பேனாவை உருவி
மேசைத்தாளில் ஒரு கோடு இழுத்தார்: தண்ணீர்.
அதன் கரையில் ஒரு கிரேன்.
உச்சியில் ஒரு பெட்டி.
பெட்டிக்குள் பேனாவால் ஒரு குத்து.
தன் நெஞ்சிலும் அதே விரலால் ஒரு குத்து.

பேனாவைப் பிடுங்கிக்கொண்ட அல்பானு
அந்தத் தண்ணீரின் மேலேயே பில் எழுதினார்.
சூப், கணவாய், ஒயின், காப்பி.
ஒயினில் பெரிய சச்சரவு.
யார் எவ்வளவு குடித்தார் என்று
பக்கத்து மேசைகள் சாட்சி சொல்ல வந்தன.
கடைசியில் குறுக்கே ஒரு கோடு,
ஆளுக்குப் பாதி.

படம் போட்ட மூலையைக்
கிழித்து எடுத்துக்கொள்ள நினைத்தேன்.
சில்லறையை எண்ணி நிமிர்வதற்குள்
ரொட்டித் துணுக்கு, முள்கரண்டி வடு, கிரேன், தண்ணீர்
எல்லாவற்றையும் ஒரே கையில் கசக்கி
வாளியில் போட்டுவிட்டு
வாசலில் நின்ற இருவருக்கு
அல்பானு புதுத்தாள் விரித்துக்கொண்டிருந்தார்.
எவரிஷ்து எப்போது போனார் என்று தெரியவில்லை.

திரும்பும் படகில் பின்பக்கம் நின்றேன்.
கரையில் கிரேன்கள் நான்கு.
இரண்டு அசைந்துகொண்டிருந்தன.